‘ஓரமாப் போ’ என்று சொல்லித்தான் எனக்கும் சைக்கிள் பழக்கினார்கள்

சென்னையில், சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து வேளச்சேரி வரைக்கும் ஒரு பக்கம் 13, 14 கிலோமீட்டர் வரும். வாரத்தில் நாலு நாள் சைக்கிளில்தான் அலுவலகம் போய் வருகிறேன், இது ஏழாவது வருடம். ராஜகீழ்ப்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம், வேங்கைவாசல், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று அந்த ரோட்டில் எந்த இடத்தில் பள்ளம், எந்தக் கடை வாசலில் காலையில் பால் வண்டி நிற்கும், எந்தத் தெருமுனையில் நாய் துரத்தும் என்பதெல்லாம் மனப்பாடம். அவ்வளவு தெரிந்த ரோட்டில்தான் நாலாவது வருடம் விழுந்தேன். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு வாரத்தில் யோசித்ததையும் அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டதையும் எழுதுகிறேன். கார்களோடும் பேருந்துகளோடும் ஒரே ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிற யாருக்காவது ஒன்றிரண்டாவது உதவும்.

விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஏழே முக்கால், நல்ல வெளிச்சம், மழை இல்லை. நான் ரோட்டின் இடது விளிம்பை ஒட்டி, தார் முடிகிற இடத்திலிருந்து ஒரு சாண் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, விளிம்புக்கும் பக்கத்து மண்ணுக்கும் நாலு விரல் உயரம் இறக்கம் இருக்கும். பின்னால் வந்த கார் ஒன்று வேகத்தைக் குறைக்காமல், எதிர் வண்டிக்கும் எனக்கும் நடுவில் நுழைந்து போனது. அதன் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில் நுனியைத் தொடவில்லை, ஆனால் காற்றை உணர்ந்தேன். உடம்பு தானாக இடதுபக்கம் ஒதுங்கியது. முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. அதுகூடப் பரவாயில்லை. இறங்கிய சக்கரத்தை உடனே மறுபடி தார்மேல் ஏற்றப் பார்த்தேனே, அதுதான் தப்பு. சாய்வாக ஏறப் பார்த்த டயர் அந்த விளிம்பில் உரசி நின்றுவிட, சைக்கிள் அப்படியே வலதுபக்கம், அதாவது ரோட்டுப் பக்கம், என்னைத் தூக்கிப் போட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ பிரேக் அடித்து என் காலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்றது. கார் நிற்கவில்லை. தன்னால் ஒருத்தர் விழுந்தார் என்பதே அதை ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் என்னை இடிக்கவே இல்லை.

கை தொட்டிலில் இருந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, நான் ஏன் அவ்வளவு ஓரத்தில் இருந்தேன் என்பதுதான்.

பதில் சுலபம். எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள். நான் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளில் ஏறினார்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தர். அம்மா கற்றுக்கொண்ட அதே சைக்கிளில்தான் நானும் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து சொன்னது இரண்டே வார்த்தை, “ஓரமாப் போ.” அந்த ஊரில், அந்த நாளில் அது சரியான பேச்சுதான். மணிக்கு ஒரு பஸ், எப்போதாவது ஒரு லாரி, அது வரும்போது மண்ணில் இறங்கி நின்றுவிட்டால் போதும். வண்டிகள் விடாமல் வருகிற வேளச்சேரி – தாம்பரம் ரோட்டில் அதே பேச்சைக் கடைப்பிடித்தால் நாள் முழுக்க விளிம்பிலேயே ஊசலாட வேண்டியதுதான்.

ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். மணல் சேர்ந்திருக்கும், உடைந்த கண்ணாடித்துண்டு கிடக்கும், மழைநீர் வடிகால் மூடி ஏறியும் இறங்கியும் இருக்கும், பார்க் செய்த வண்டி, ராங் சைடில் வரும் பைக், வீட்டு வாசல் சாய்தளம், கேபிள் துண்டு எல்லாம் அங்கேதான். இதை எல்லாம் சுற்றிப் போக நீங்கள் ஓயாமல் உள்ளே வெளியே என்று வளைந்துகொண்டே இருப்பீர்கள், பின்னால் வருகிற டிரைவருக்கு நீங்கள் அடுத்து எங்கே போவீர்கள் என்று தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் விளிம்பை ஒட்டிப் போகும்போது, பின்னால் வருபவருக்கு ‘ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே தாண்டிவிடலாம்’ என்று தோன்றும். யோசிக்கவே மாட்டார். நீங்கள் ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் அவர் யோசித்தே ஆகவேண்டும்: வேகத்தைக் குறைப்பதா, வலதுபக்கம் நகர்வதா, எதிரில் இடம் இருக்கிறதா? அந்த முடிவை அவர் எனக்குப் பின்னால் முப்பது மீட்டரில் எடுக்கட்டும், மூன்று மீட்டரில் எடுக்கவேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் இப்போது நான் தார் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே, நேர்க்கோட்டில் போகிறேன். ரோடு குறுகும் இடம், பாலம், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ஒற்றை வண்டி மட்டும் போகிற அளவுக்குச் சுருக்கியிருக்கும் இடம், இங்கெல்லாம் இன்னும் உள்ளே வந்து கார்களின் இடது சக்கரம் ஓடுகிற தடத்திலேயே போய்விடுகிறேன். அந்தத் தடத்தில் மணல் இருக்காது, வண்டிகளே கூட்டிவிட்டிருக்கும். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், ஹார்ன் அடிக்கிறவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். குறுகலான இடம் தாண்டியதும் கையை அசைத்துவிட்டு ஒதுங்கி வழிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேர் எந்தக் கோபமும் இல்லாமல் தாண்டிப் போகிறார்கள், சிலர் கை காட்டிவிட்டும் போகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இது வண்டிகள் முப்பது, நாற்பதில் ஊர்கிற நகர ரோட்டுக்குத்தான். ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையிலோ வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ போய் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டச் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது, 80-ல் 22 மீட்டர். டிரைவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஒன்றரை விநாடி போய்விடும். 80-ல் அதற்குள் 33 மீட்டர் போயாகிவிட்டது, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. அந்த மாதிரி ரோட்டில் சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள், இல்லாவிட்டால் ஐந்து கிலோமீட்டர் சுற்றினாலும் உள்தெரு வழியாகப் போங்கள். மேடவாக்கம் மேம்பாலத்திலும் நான் ஏறுவதில்லை. ஏற்றத்தில் என் வேகம் எட்டு, பத்துக்கு இறங்கிவிடும், கார்களோ அங்கேதான் வேகம் எடுக்கும், இடதுபக்கம் ஒதுங்க இடமில்லாமல் சுவர். கீழே சிக்னலில் மூன்று நிமிடம் நின்று போவது எவ்வளவோ மேல்.

தார் விளிம்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் என்னைத் தள்ளியது அதுதான். எப்போதாவது சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் பதறி மேலே ஏற்றாதீர்கள். ஹேண்டிலை நேராகப் பிடித்து மண்ணிலேயே ஓடவிடுங்கள், பின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து நின்று, இறங்கி, சைக்கிளைத் தூக்கி ரோட்டில் வையுங்கள்.

அடுத்தது கார் கதவு. இதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நிறுத்தி வைத்த காரின் வலதுபக்கம் போனால் டிரைவர் கதவைத் திறப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் கதவின் அகலத்துக்குத் தள்ளிப் போவோம். ஆனால் டிராபிக்கில் நிற்கும் காரின் இடதுபக்கம் இருக்கிற சந்தில் நாம் நுழைந்து நுழைந்து முன்னால் போகிறோமே, அதுதான் இன்னும் மோசம். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு நாள் கார் வரிசை அசையாமல் நின்றது. நான் இடதுபக்கச் சந்தில் ஓரளவு வேகமாகவே போனேன். கால் டாக்ஸி ஒன்றின் பின்கதவு திறந்தது. நேரமாகிவிட்டது, இங்கேயே இறங்கி நடந்துவிடலாம் என்று பின்சீட்டில் இருந்த பெண் இறங்கினார். அவர் மேல் தப்பில்லை, இடதுபக்கம் இறங்கத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கதவின் நுனி என் முழங்கைக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. அதிலிருந்து, நிற்கும் வண்டிகளுக்கு இடையே போகவேண்டும் என்றால் நடக்கிற வேகத்தில்தான். இரண்டு விரலும் பிரேக்கில். முடிந்தவரை போவதே இல்லை, வரிசையில் காருக்குப் பின்னால் காராக நானும் நின்றுவிடுகிறேன். நாலு நிமிடம் தாமதம் ஆகும், அவ்வளவுதான்.

கார் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டுக் காரை நானும் ஓட்டுகிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். டிரைவர் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்கவேண்டும். ஒரு வாரம் செய்தால் பழகிவிடும். அப்புறம் ஹார்ன். சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டி வந்து அடிக்கிற ஹார்னில் ஓட்டுபவர் திடுக்கிட்டுத் திரும்புவார், திரும்பும்போது ஹேண்டிலும் வலதுபக்கம் திரும்பும். அதனால் தூரத்திலேயே ஒரு தடவை லேசாக அடியுங்கள், கிட்டே வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஜெர்மனியில் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போகவேண்டும் என்று 2020-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் ரோட்டில் அவ்வளவு இடம் எப்போதும் கிடைக்காது. இடம் கிடைக்காத இடத்தில் பத்து விநாடி பின்னால் வரலாமே, எதிரில் காலியாகும் வரைக்கும். நான் கேட்பது அதைத்தான்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே பயம் லாரியிடம்தான், அதிலும் தண்ணி லாரி. மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கோடையில் அவைதான் ரோட்டை ஆளும். பள்ளிக்கரணை தாண்டி ரேடியல் ரோடு சந்திப்பில் ஒரு நாள் சிக்னலுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி பல்லாவரம் பக்கம் இடது திரும்பியது. வேலை நடக்கிற இடம் என்று மூலையில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் கூம்பு வைத்திருந்தார்கள். லாரியின் முன்சக்கரம் அந்தக் கூம்பை விட்டு ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தள்ளித்தான் போனது. டிரைவர் நன்றாக அகலமாகத்தான் திருப்பினார். ஆனால் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகவில்லை, உள்ளே வாங்கி, மூலையை ஒட்டி, நேராகக் கூம்பின்மேல் ஏறின. அது அப்பளமாகி, சக்கரம் போன பிறகு பாதி எழுந்து நின்றது. நான் வழக்கமாக அந்தச் சிக்னலில் இடதுபக்கம் நுழைந்து முன்னால் வந்து கால் ஊன்றி நிற்கிற இடம் அதுதான்.

அன்றைக்கு மனசு சரியில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் நின்ற ஒரு தண்ணி லாரி டிரைவரிடம், “அண்ணே, உங்க சீட்ல ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா? சைக்கிள் தெரியுதான்னு பார்க்கணும்” என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, “ஏறிப் பாருங்கம்மா, நீங்களே பாருங்க” என்றார். என் சைக்கிளை இடதுபக்கக் கதவுக்குக் கீழே நிறுத்திவிட்டு ஏறினேன். இடது கண்ணாடியில் தொட்டி தெரிந்தது, பின்சக்கரம் தெரிந்தது, ரோடு தெரிந்தது, சைக்கிள் இல்லை. எட்டிப் பார்த்தேன், இல்லை. அவரே முன்னால் போய் பம்பரை ஒட்டி நின்றார். கையை உயர்த்திய பிறகுதான் விரல் நுனி தெரிந்தது. இறங்கியதும் சொன்னார்: “கிளீனர் இருந்தா அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுவான். இப்ப பல வண்டில கிளீனர் கிடையாது. என் கண்ணாடில உங்க முகம் தெரிஞ்சாதாம்மா, எனக்கு நீங்க தெரியறீங்க.” இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் அதைவிடப் பெரியது கிடையாது. லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகத்தை நான் பார்க்க முடியவில்லை என்றால் அவருக்கு நான் இல்லை. சிக்னலில் லாரிக்கோ பேருந்துக்கோ இடதுபக்கம் போய் நிற்பதை அன்றோடு விட்டேன். பின்னாலேயே நிற்கிறேன், புகை வந்தாலும் சரி.

மாநகரப் பேருந்தோடு வேறு மாதிரிச் சிக்கல். அது நம்மைத் தாண்டும், நிறுத்தத்தில் இடதுபக்கம் ஒதுங்கும், நாம் அதைத் தாண்டுவோம், மறுபடி அது நம்மைத் தாண்டும். நாலு நிறுத்தம் இப்படியே போகும், ஒவ்வொரு தடவையும் ஆபத்து. நிற்கிற பேருந்தின் இடதுபக்கம் போகவே கூடாது, ஆட்கள் இறங்குவார்கள். வலதுபக்கம் போகும்போது அது கிளம்பிவிட்டால் நடு ரோட்டில் மாட்டுவோம். அதனால் இரண்டாவது நிறுத்தத்திலேயே நின்று, தண்ணீர் குடித்து, அதைப் போகவிட்டுவிடுவேன்.

சரி, இனி சின்னச் சின்ன விஷயங்கள். சின்னவை என்று சொன்னாலும் என்னைத் தினமும் காப்பாற்றுகிறவை இவைதான்.

திரும்பிப் பார்ப்பது. வலதுபக்கம் நகரும் முன், ஒரு பள்ளத்தைச் சுற்றுவதற்குக்கூட, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கவேண்டும். ஹேண்டிலில் வலதுபக்கம் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன், நல்ல உதவி. ஆனாலும் தலை திருப்புவதை விடுவதில்லை. காரணம், அது எனக்கு மட்டும் இல்லை, பின்னால் வருபவருக்கும். தலை திரும்பினால் ‘இவர் ஏதோ செய்யப்போகிறார்’ என்று அவருக்குத் தெரிகிறது, கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுகிறது. அப்புறம் கையை நன்றாக நீட்டிக் காட்டவேண்டும், விரலை மட்டும் அசைத்தால் யாருக்கும் புரியாது.

பெரிய சந்திப்பில் வலது திரும்புவதை நான் சைக்கிளில் உட்கார்ந்து செய்வதில்லை. நேராகப் போய் அந்தப் பக்கம் இறங்கி, நடப்பவர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுவேன்.

ராங் சைடில் வரும் பைக். இவர்கள் இடது விளிம்பை ஒட்டித்தான் வருவார்கள், நம்மை ரோட்டு நடுவுக்குத் தள்ளுவார்கள். நான் வலதுபக்கம் ஒதுங்குவதில்லை. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அந்த நேரத்தில் அவகாசம் இருக்காது. என் கோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, நின்று, இடது காலை ஊன்றிவிடுகிறேன். எந்தப் பக்கம் போவது என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

விளக்கு. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரிகிறது, கேரியருக்குக் கீழே, துணியோ பையோ மறைக்காத இடத்தில். முன்னால் வெள்ளை விளக்கு, எதிரில் வருபவர் கண்ணில் அடிக்காமல் கொஞ்சம் கீழே சாய்த்து. கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுகிறேன். மேலும் கீழும் அசைகிற ஒளியைப் பார்த்தால் அது பெடல் மிதிக்கிற கால் என்று தூரத்திலிருந்தே புரியும். முதுகில் மாட்டும் பையிலும் அதே பட்டையை ஒட்டியிருக்கிறேன். கறுப்புச் சுடிதார் எனக்குப் பிடிக்கும், ஆனால் நவம்பர் மாலை ஆறரை மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு அந்த ரோட்டில் போகமாட்டேன். துப்பட்டாவை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவேன், அல்லது பைக்குள் போய்விடும். பின்சக்கரத்தில் துப்பட்டா சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும், இதைப் பெண்பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் பற்றி நிறைய வாதம் நடக்கும். என் ஹெல்மெட்டின் வலதுபக்கத் தெர்மோகோல் நான் விழுந்த அன்று பக்கவாட்டில் பிளந்திருந்தது. எனக்கு அது போதும். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், தூக்கிப் போட்டுவிடவேண்டும், உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒரு தடவைதான் நசுங்கும். ஆனால் ஹெல்மெட் விழுந்த பிறகு உதவுவது, விழாமல் இருக்க உதவுவது மற்றதெல்லாம்.

மழைக்காலம் தனி. ஐப்பசி, கார்த்திகையில் பிரேக் கட்டை நனைந்து, பிடித்த இடத்தில் நிற்காது, முன்கூட்டியே லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் ரிம்மில் இருக்கிற தண்ணீரை வழித்துவிடும். மெட்ரோ வேலைக்காக ரோட்டின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு இவற்றின்மேல் ஈரத்தில் போகும்போது நேராகப் போகவேண்டும், திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக்கூடாது. தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கமாட்டேன். அடியில் மூடி இருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பேருந்துதான்.

கோபம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லவேண்டும். விழுவதற்கு முந்தின வருடம், உரசிப்போன ஒரு காரை அடுத்த சிக்னல் வரை விரட்டிப் போய்ச் சத்தம் போட்டேன். போகிற வழியில் இரண்டு தெருமுனையை எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. இப்போது அப்படி ஏதாவது நடந்து கை நடுங்கினால், இறங்கி ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுவேன்.

விழுந்தவரைப் பார்த்தால் என்ன செய்வது என்பதும் இதில் சேர்ந்ததுதான். என்னைத் தூக்கிய ஷேர் ஆட்டோ அண்ணனுக்குப் பயம், போலீஸ், கேஸ் என்று அலையவேண்டி வருமோ என்று. உதவி செய்கிறவரை அப்படி அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரலிலிருந்து பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். பல குடும்பங்கள் இது தெரியாமலேயே விட்டுவிடுகின்றன.

இவ்வளவும் எழுதத் தூண்டியது பக்கத்து வீட்டுப் பெண். என்னை அத்தை என்று கூப்பிடுவாள், அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. இந்த வருடம் அவளுக்கு அரசு இலவச சைக்கிள் கிடைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே பார்த்தேன், பிரேக் தளர்ந்திருந்தது, விளக்கு இல்லை, சீட் அவள் உயரத்துக்கு இல்லை. இரண்டு கால் விரலும் தரையைத் தொடுகிற மாதிரி சீட்டை வைத்து, பிரேக் கம்பியை இறுக்கி, பின் மட்கார்டில் சிவப்புப் பட்டை ஒட்டி, ஒரு பின்விளக்கு வாங்கி மாட்டினோம். அவள் அம்மா வாசலில் நின்று சொன்னது என் அம்மா சொன்ன அதே இரண்டு வார்த்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவள் பயம் பேசுகிறது, அதற்கு என்ன சொல்ல முடியும்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் பழகினோம். நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன், அவள் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லவேண்டும், மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டை விட்டு சக்கரம் விலகக்கூடாது. முதல் நாள் ஒவ்வொரு தடவையும் சைக்கிள் வலதுபக்கம் ஓடியது. தோளைத் திருப்பாதே, தாடையை மட்டும் தோள்மேல் கொண்டுபோய் வை என்று சொன்ன பிறகு சரியானது. மூன்றாவது வாரம் ஒற்றைக் கையை எடுத்துச் சைகை காட்டிக்கொண்டே விரல் எண்ணினாள்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை ரோட்டில் இறங்கினோம். அவள் முன்னால், நான் இருபது அடி பின்னால். கௌரிவாக்கம் பக்கம் வடிகாலுக்குத் தோண்டி ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள். தடுப்புக்கு ரொம்ப முன்னாலேயே தலை திரும்பியது. கை நீண்டது. கார் ஒன்று வேகம் குறைத்தது. அவள் உள்ளே வந்து நேராகத் தடுப்பைத் தாண்டும் வரைக்கும் அந்தத் தடத்திலேயே போனாள், கார் பின்னால் பொறுமையாக வந்தது, ஒரே ஒரு ஹார்ன். தாண்டியதும் இடதுபக்கம் ஒதுங்கிக் கையை அசைத்தாள்.

பள்ளி வாசலில் இறங்கியதும் மூச்சு வாங்கக் கேட்டாள், “எத்தனை வண்டி அத்தை பின்னாடி வந்துச்சு?”

“நாலு” என்றேன்.

“அஞ்சு. வெள்ளை வேனுக்குப் பின்னாடி ஒரு ஸ்கூட்டி இருந்துச்சு, நீங்க பார்க்கல.”